மாமி மகளுக்குப் போட்ட அம்மைப்பால்

என் வயதுக்காரிகளே, இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிப் பாருங்கள். உங்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு தழும்பு இருக்கும். நடுவில் குழி விழுந்து, ஓரம் சுருங்கி, விரல் வைத்தால் வழுக்கும். நம் பிள்ளைகளின் கையில் அது இல்லை. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு நெருப்புச் சுட்டதா என்று கேட்கிறார்கள். போன வாரம் கண்டியில் எனக்கு ஹஜ் பயணத்துக்கான ஊசி போட்ட தாதிப் பிள்ளையும் அதைத்தான் கேட்டது.

தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை. பஞ்சால் கையைத் துடைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னங்கம்மா இது, இவ்வளவு பெரிசா?"

"அம்மைப்பால் குத்தின தழும்பு மகள். அந்தக் காலத்துல வைசூரிக்குக் குத்துவாங்க."

"கைக்குழந்தையா இருந்தப்பவா?"

"இல்ல, ஒம்பது வயசுல."

"ஐயோ, பயந்திருப்பீங்களே."

"பயமில்ல. ஆசையாத்தான் குத்திக்கிட்டேன்."

அந்தப் பிள்ளை சிரித்தது. கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருக்கும். இரத்த அழுத்தம் பார்த்து, அட்டையில் என் பெயரை எழுதி முத்திரை குத்தித் தந்தது. நான் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கையில் விழுந்த ஊசிகளில் என் பெயருக்குப் போட்டது இதுதான் முதல் ஊசி என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது நம் ஊர் வழக்கம். உயிரோடு திரும்புவோமோ இல்லையோ, யாருடைய மனக்குறையையும் தலையில் சுமந்துகொண்டு போகக் கூடாது. இப்போது அதையும் தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். நானும் நம் வகுப்புக் குழுவுக்கு ஒரு செய்தி போட்டேன். நீங்களும் ஆளுக்கொரு பூப்படம் போட்டு மன்னித்துவிட்டீர்கள். என்ன குற்றம் செய்தாய் என்று ஒருத்தியாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் இரண்டு வரியில் சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் இவ்வளவு நீளத்துக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

நான் பொறாமைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருடைய நல்ல பென்சிலைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஆனால் உங்கள் எல்லாரையும் ஒரு தட்டில் வைத்து என் மாமி மகளை மறு தட்டில் வைத்தால் அவள் தட்டுத்தான் தாழும். அவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். நம் வகுப்பில் தழும்பே இல்லாத ஒரே கை அவளுடையது.

மாமி என் வாப்பாவின் கூடப்பிறந்தவர். மாமா அக்குறணைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். என் வாப்பா அந்தக் கடையில்தான் துணி அளந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, இரண்டு வீட்டுக்கும் பொது. பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பத்து வருடம் காத்திருந்து, நேர்ச்சை வைத்துப் பெற்ற ஒரே பிள்ளை அவள். எனக்கும் அவளுக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம். உயரம் ஒன்று, தலைமுடி ஒன்று. மாமி அவளுக்குத் தைக்கும் சட்டை அடுத்த பெருநாளைக்கு எனக்கு வரும். அளவு ஒன்றாக இருந்ததால் எனக்கு வரும்போது அது எப்போதும் ஒரு வருடம் இறுக்கமாக இருக்கும். கையைத் தூக்கினால் கக்கத்தில் தையல் விடும். அந்தத் தையல் விடும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்த வருடம் மாமாவுக்கும் மாமிக்கும் ஹஜ்ஜுக்கு அனுமதி கிடைத்தது. எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த அனுமதி. கப்பல் பயணம், போய் வர மூன்று மாதம். பிள்ளை பிறந்தால் அதையும் கஃபாவுக்குக் கூட்டி வருகிறேன் என்று மாமி நேர்ந்திருந்தாராம். ஆகவே அவளும் போகிறாள். செய்தி கேட்ட அன்று நான் கிணற்றடியில் நின்று வாளியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு உம்மாவிடம் அடி வாங்கினேன். வாளி கை தவறியது என்றுதான் உம்மா நினைத்தார்.

பிறகு மாமி வீட்டில் பயணச் சாமான் சேரத் தொடங்கியது. மாமி ஒரு பச்சைத் தகரப் பெட்டியை மருந்துக்கென்றே ஒதுக்கியிருந்தார். சுக்கு, ஓமம், சித்தரத்தை, வயிற்றுக்கு மாதுளம்பழத் தோல், தலைவலிக்குக் குப்பித் தைலம், கப்பலில் வாந்தி வந்தால் நாக்கில் வைக்க உப்பில் போட்டுக் காயவைத்த தேசிக்காய். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று கபன் துணி. போன இடத்தில் உயிர் போய் மௌத்தானால் போர்த்துவதற்கு ஆளுக்கொன்று, அவளுக்கும் சின்னதாக ஒன்று. அதைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டில் எனக்கென்று புதிதாகக் கிழித்த துணி எதுவும் அதுவரை இருந்ததில்லை.

ஊசி விசயம் அப்போதுதான் வந்தது. கப்பலேறுகிற எல்லாருக்கும் ஒரு மஞ்சள் புத்தகம் இருக்க வேண்டும். கொலரா ஊசியும் அம்மைப்பாலும் போட்டதை அதில் எழுதி முத்திரை குத்த வேண்டும். பெரியவர்களுக்கு அம்மைப்பால் சின்னதிலேயே குத்தியிருந்ததால் பெயருக்கு ஒரு தடவை குத்தினால் போதும். அவளுக்கும் எனக்கும் குத்தியிருக்கவில்லை. நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது குத்துகிறவர் ஊருக்கு வந்த நாளில், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் என்று பயந்து உம்மாவும் மாமியும் எங்கள் இருவரையும் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்களாம். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் போல அவர்கள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்கள்.

முன்பு ஹஜ் செய்துவிட்டு வந்த ஒரு ஹாஜியார் ஒரு நாள் மாமா வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து பயண முறைகளை விளக்கினார். நான் தேநீர்க் கோப்பை எடுக்கும் சாட்டில் கதவோரம் நின்றேன்.

"புத்தகத்த மட்டும் பாக்க மாட்டாங்க தம்பி. கப்பலடியில ஒரு டாக்குத்தர் நிப்பாரு. கைய தூக்கி, சட்டைய சுருட்டி, பால் பிடிச்சீக்கா எண்டு பாப்பாரு. தழும்பு ஈந்தா ஏறு, இல்லாட்டி எறங்கு. அவ்வளவுதான்."

தழும்பு இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு. அன்று முழுக்க அது என் தலைக்குள் சுற்றியது. அப்போது அவள் கிணற்றடியில் கல் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கேட்கவில்லை.

முதலில் கொலரா ஊசிக்கு அவளைக் கண்டிக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டவருடைய கையைக் கடித்துவிட்டாள். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துத்தான் போட்டார்களாம். கை வீங்கி மூன்று நாள் அழுதாள். அடுத்த வாரம் அம்மைப்பாலுக்குப் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். கடைசியில் வெளியே வந்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"மச்சி வந்தா வாரேன். இல்லாட்டி நான் வரல்ல."

மச்சி என்றால் நான். இப்படித்தான் அந்தப் பயணத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

மாமாவுக்குக் கடையில் வேலை. மாமியும் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்தாள், கண்டியில் இறங்கும்வரை விடவில்லை. அவள் உள்ளங்கை வேர்த்து என் கையும் ஈரமாகிவிட்டது. ஊசி போடும் கந்தோர் ஒரு பழைய கட்டடம். நீளமான வாங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் ஸ்பிரிட் வாசனை. மாமிக்கு அன்று கொலரா ஊசியும் போட்டார்கள். போட்டுவிட்டு வந்தவருக்குத் தலை சுற்றியது. வாங்கில் சாய்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒண்டாப் போங்க மகள், நான் இங்கன ஈக்கிறேன்" என்றார். பெயர் எழுதிய துண்டு அவள் கையில் இருந்தது.

உள்ளே போகும் நடையில் அவள் நின்றுவிட்டாள்.

"எனக்கு ஏலா மச்சி. நான் செத்துருவேன்."

அப்போது நான் சொன்னது எனக்கு ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

"துண்ட தா. நான் போய் ஒன்ட பேர செல்றேன். ஆருக்குக் குத்தினா என்ன, புத்தகத்துல ஒன்ட பேர்தானே ஈக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. உலகத்தில் என்னைப் போல நல்லவள் இல்லை என்பது போல அவள் பார்த்தாள். கப்பலடியில் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கையில் தழும்பு இருக்காது, இறங்கச் சொல்வார்கள். என் கையில் இருக்கும், ஏறச் சொல்வார்கள். என் கணக்கு அவ்வளவுதான். மாமியின் கடவுச்சீட்டில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது என்பதெல்லாம் ஒன்பது வயதுப் பொறாமைக்கு எப்படித் தெரியும்?

உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிங்கள மாத்தயா இருந்தார். துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம மொகத?" என்று பெயரைக் கேட்டார். அவள் பெயரைச் சொன்னேன். தடுமாறாமல், தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என் கையில் ஒரு சொட்டுப் பாலை வைத்து, ஊசி முனையால் கீறிக் கீறிக் குத்தினார். வலித்தது. நான் கையை அசைக்கவில்லை. "ஹொந்த ளமயெக்" என்றார், நல்ல பிள்ளை என்று. அந்த வருடம் முழுவதும் என்னை ஒருவர் நல்ல பிள்ளை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். எட்டு நாள் தண்ணீர் படக் கூடாது, கை வைக்கக் கூடாது, எட்டாம் நாள் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று துண்டில் எழுதித் தந்தார்.

நடையில் வைத்து என் கைக்குட்டையைக் கிழித்து அவள் கையில் கட்டிவிட்டேன். என் முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன். வாங்கிலிருந்து எழுந்த மாமி, அவள் அழாமல் வந்ததைப் பார்த்து நெற்றியில் முத்தமிட்டார். பஸ் நிலையத்தில் அவளுக்கு ஓர் ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தார். கூட வந்ததற்காக எனக்கும் ஒன்று. அவளுடையது பெரிது.

அதற்குப் பிறகு வந்த வாரம் இருக்கிறதே, அதை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன். மூன்றாம் நாள் என் கை கனத்தது. ஐந்தாம் நாள் கொப்புளம் சீழ் கட்டி, கக்கத்தில் நெறி கட்டி, உடம்பு கொதித்தது. அங்கே மாமி வீட்டில் "ஊசி குத்தின புள்ள" என்று அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, ஓதவும் போக வேண்டாம். அவளுக்கென்று வட்டிலப்பம் அவித்தார்கள். ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசனை கிணற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்கு நாக்கு ஊறியது, பிறகு ஆத்திரத்தில் அழுகை வந்தது. காய்ச்சல் எனக்கு, வட்டிலப்பம் அவளுக்கு. வாய் திறந்து சொல்லவும் முடியாது.

உம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயிலுக்குள்ள கொய்யாக்காய திண்டிருப்பா" என்று கொத்தமல்லித் தண்ணீர் தந்தார். கைச் சட்டையைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஐந்து பிள்ளைகளும் அதில் கடைசிக் கைக்குழந்தையின் மூத்திரத் துணியுமாக இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அன்று குறைப்பட்டேன். மாமி என்றால் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். மாமியோ சொன்னதை மீறாதவர். கை வைக்கக் கூடாது என்றதால் மகளின் கட்டை எட்டு நாளும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவர்கள் கண்டிக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பின்னேரப் பஸ்ஸில் திரும்பி வந்தபோது மாமியின் முகம் கறுத்திருந்தது. கட்டை அவிழ்த்தால் கை வழுவழுவென்று இருந்ததாம். பால் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டார்களாம். இனி மறுபடி குத்தி இன்னும் எட்டு நாள் இருக்க வேண்டும். கப்பல் ஐந்து நாளில்.

ஊர் முழுக்க வந்து காரணம் சொன்னது. "சுத்தமான ரத்தம், அதுதான் பிடிக்கல்ல" என்றார் ஒருவர். "புள்ளட கைல வட்டிலப்பத்தோட சூடு பட்டீக்கும்" என்றார் இன்னொருவர். வேறு பிள்ளைக்குக் குத்தியிருக்கும் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் மனதில் அந்த அளவுக்கு இடமிருக்கும் என்று தெரியாது.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று மாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. விட்டால் இந்த அனுமதி மறுபடி எப்போது கிடைக்குமோ என்று மாமாவும் வாப்பாவும் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் மாமி வீட்டு வாசலில்தான் நின்றேன். யாராவது என் கையைப் பார்ப்பார்கள், இதோ தழும்புள்ள ஒரு பிள்ளை இருக்கிறது என்று கூட்டிப் போவார்கள் என்று நின்றேன். ஒரு தடவை துணிந்து சட்டையை முழங்கைவரை சுருட்டியும் விட்டேன். பச்சைப் பெட்டியோடு வந்த மாமா, "கொஞ்சம் தள்ளிக்கோ மகள்" என்றார். நான் தள்ளிக்கொண்டேன்.

கடைசி நாள் அவர்கள் மன்னிப்புக் கேட்டு வீடு வீடாகப் போனார்கள். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார்கள். வாப்பாவிடம், உம்மாவிடம், மூத்த பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு மாமி என் முன்னால் குந்தினார். சின்னப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. மாமி கேட்டார். என் இரண்டு கைகளையும் தோளுக்குக் கீழே பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கைப் பெருவிரல் சரியாக அந்தப் பொருக்கின்மேல் அழுந்தியது. உயிர் போகிற வலி.

"மாமி ஒன்னிய ஏசிருந்தா, மனசு நோக வெச்சிருந்தா மாப் செய் மகள். பழசுகளத்தான் ஒனக்கு உடுத்தத் தந்தீக்கிறேன். அதயும் மாப் செய். அவளுக்கு ஒன்ன உட்டா ஆரும் இல்ல. ஒன்ட கூடப்பொறப்பாட்டம் பாத்துக்கோ."

அந்தச் சட்டைகள் எனக்கு வலித்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது! நான் யாரிடமும் சொல்லாததை அவர் கண்டிருக்கிறார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வேறில்லை. மாமி, நான்தான் குத்திக்கொண்டேன், இதோ உங்கள் விரலுக்கடியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமி அதைப் பிரிவு என்று எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சிட்டேன் மாமி" என்றேன்.

ஆமாம். அவரை நான் மன்னித்தேன்.

அவர்கள் போன பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பாயில் படுத்தாள். என் உம்மாவின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தாயைப் பிரிந்த பிள்ளை என்று பொரித்த முட்டையில் பெரிய பாதி அவளுக்குப் போனது. பொறாமையால் நான் சம்பாதித்தது இதுதான், என்னிடம் இருந்த கொஞ்சத்திலும் அவளுக்குப் பங்கு. கை விசயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசிக்குப் பயந்தது தன் குற்றம் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படியே நினைக்க விட்டேன். என் கைப் பொருக்கு உதிர்ந்து தழும்பு தெரிந்தபோது, பள்ளிக்கூடத்தில் குத்தினார்கள் என்று உம்மாவிடம் சொன்னேன்.

மூன்றாம் மாதம் தந்தி வந்தது. ஹஜ் முடிந்த பிறகு மக்காவில் மாமிக்கு வெயிலில் காய்ச்சல் கண்டிருக்கிறது. நாலே நாள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்கள் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். "குடுத்து வெச்ச மௌத்து, ஆருக்குக் கெடைக்கும்" என்றார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். "புள்ளைக்குப் பால் பிடிக்காதது அல்லாஹ்ட ரஹ்மத். போயிருந்தா அந்த வெயிலுக்குள்ள புள்ளயும் போயீக்கும்."

அந்த வார்த்தைக்குள் நான் வெகுகாலம் ஒளிந்திருந்தேன். அலுமாரிக்குப் பின்னால் எங்களை ஒளித்தார்களே, அது போல. என் குற்றமே இறையருளாக, ரஹ்மத்தாக ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆட்கள் எல்லாம் போன பிறகு கிணற்றடியில் வைத்து அவள் ஒன்று சொன்னாள். அழவில்லை. கால் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நான் போயிருந்தா உம்மாக்குத் தண்ணி குடுத்தீப்பேன்."

மாமா பிறகு மறுமணம் செய்துகொண்டு பிலிமத்தலாவைக்குப் போனார். அவள் கல்யாணமாகி அதே பிலிமத்தலாவைக்குப் போகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போதாவது என் வயிற்றெரிச்சல் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. தாயில்லாத பிள்ளையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பட்டது பட்டதுதான். உம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது நான் கரண்டி நீட்டினால் வாயை மூடிக்கொள்வார். பிலிமத்தலாவையிலிருந்து அவள் பஸ் ஏறி வந்து ஊட்டினால் முழுக் கோப்பைக் கஞ்சியும் போகும். நான் குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் போட்டு உருட்டுவேன். செய்த வினைக்குக் கிடைத்தது என்று தெரிந்தும் உருட்டுவேன்.

அவள் இத்தனை வருடமும் மக்காவுக்குப் போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டும் போகவில்லை. இந்த வருடம்தான் மனம் வந்து, நானும் அவளும் சேர்ந்து பெயர் கொடுத்தோம். மருத்துவச் சோதனைக்கும் ஒன்றாகவே போனோம். டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். படங்களைப் பார்த்தார். இந்த இதயத்தோடு அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில் நடக்க முடியாது என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எனக்குப் போட்டுத் தந்தார். மறுபடியும் நான் தகுதி, அவள் தகுதியில்லை. இந்தத் தடவை நான் எதுவும் செய்யவில்லை, அல்லாஹ் மேல் ஆணையாக.

முந்தாநாள் மன்னிப்புக் கேட்க பிலிமத்தலாவைக்குப் போனேன். அவள் முன் அறைக் கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"ஒன்னப் பாத்தா வயிறெரியிது" என்றாள், சிரித்துக்கொண்டே.

இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் ஒரு சொட்டுச் சந்தோசம் வந்தது. பாருங்கள் என் மனதை! அந்தச் சந்தோசம்தான் என்னைப் பயமுறுத்தியது. உட்காராமல், நின்றபடியே சொன்னேன்.

"கப்பலடியில கைய பாப்பாங்க எண்டு எனக்குத் தெரியும் மச்சி. ஹாஜியார் செல்லக்குள்ள கேட்டீந்தேன். ஒனக்குச் செல்லல்ல. ஒன்னய எறக்கிட்டு நான் ஏறப் பாத்தேன். நீ பயந்ததால இல்ல. என்ட பொறாமையாலதான் நீ போகல்ல."

வெளியே கொழும்புப் பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொன்றும் போனது. அவள் தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"கிட்ட வா. சட்டைய சுருட்டு."

சுருட்டினேன். புது ஊசி போட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது. அவள் அதைத் தொடாமல், அதற்கு மேலே இருந்த தழும்பில் விரலை வைத்தாள்.

"இது என்டது."

"ஓ. ஒன்டதுதான்."

"உம்மாவ எங்க அடக்கின எண்டு மண்ணு கூட அடையாளம் இல்லயாம். அடக்குற எடத்துக்குள்ள பொம்பளைகள விடவும் மாட்டாங்களாம். நீ வெளியில நிண்டு ஸலாம் செல்லு. செல்லிட்டு என்ட பேர செல்லு. அண்டைக்கு அந்த மாத்தயாக்குச் செல்லினியே, அதே மாதிரி பயப்படாமச் செல்லு. நான் வந்தீக்கிறேன் எண்டு உம்மா நெனக்கட்டும்."

பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ மன்னிச்சிட்டியா?"

அவள் என் சட்டைக் கையை இறக்கிவிட்டு, சுருக்கத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"போய்ட்டு வா. வந்தப் பொறகு செல்றேன்."

நாளை மறுநாள் பயணம். பெட்டி கட்டியாகிவிட்டது. என் கபன் துணிக்குப் பக்கத்தில் உப்பில் போட்ட தேசிக்காயும் வைத்திருக்கிறேன், விமானத்தில் அதற்கு வேலையில்லை என்று மகன் சிரிக்கிறான். அவள் பெயரைத் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். அன்று கண்டியில் அவ்வளவு சுலபமாக வந்த பெயர் இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே போவதற்குள் பழக்கிவிடுவேன்.

உங்களிடம் நான் பூப்படம் கேட்கவில்லை, ஓர் உதவி கேட்கிறேன். நான் திரும்பி வரும்வரை வாரத்துக்கு ஒருத்தியாவது பிலிமத்தலாவைக்குப் போய் அவளைப் பாருங்கள். ஊசிக்குப் பயந்தவளுக்கு மாத்திரை என்றாலும் பயம்தான். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவாள். முன்னால் நின்று, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் வரும்போது அவள் இருக்க வேண்டும்.